மருதாணி போட்ட மறுநாள்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஜ்யோத்ஸ்னாவின் ஆள்காட்டி விரலைப் போலி என்று சொல்லிவிட்டது அவளே உருவாக்கிய கருவி.

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு அந்தக் கருவியை நன்றாகத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. செல்லப் பெயர் ரேகா. விரலை வைத்தால் வைத்தவர் யார் என்று சொல்லும். ரேஷன், பென்ஷன், தொழிலாளர் அட்டை என்று விரல் வைத்து வாங்க வேண்டிய இடங்களில் இதுவரை கடல் தாண்டி வந்த பெட்டிகளே உட்கார்ந்திருக்கின்றன. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை. ரேகாவுக்குப் பிடிபடும். டெல்லியில், ஓக்லாவில் பதினேழே பேர் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனி, உள்ளே இருக்கும் சில்லு முதல் மென்பொருள் வரை எல்லாவற்றையும் இங்கேயே செய்து முடித்த பெட்டி அது. மென்பொருளுக்குப் பொறுப்பு, துவாரகாவில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் நம் ஜ்யோத்ஸ்னா.

இன்று மதியம் மூன்று மணிக்கு, நகரத்தின் வடகோடியில் நரேலாவில் பரீட்சை. நூறு பேர் விரல் வைப்பார்கள். தொண்ணூற்றைந்து பேரை ரேகா சரியாகக் கண்டுகொண்டால் அரசுத் துறையின் கவுன்ட்டர்களுக்கெல்லாம் ரேகாதான். ஒன்று குறைந்தாலும் பழைய இறக்குமதிப் பெட்டிக்கே இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பு. மூன்று வருஷம் காத்திருக்கும் தெம்பு அந்தப் பதினேழு பேருக்குக் கிடையாது. ஐந்து வருஷ உழைப்பு அலமாரிக்குள் போய்விடும்.

தினமும் பல் தேய்த்த கையோடு ரேகா மேல் விரலை வைத்து, பச்சை விளக்கைப் பார்த்த பிறகுதான் ஜ்யோத்ஸ்னாவுக்குக் காபி இறங்கும். மூடநம்பிக்கைதான் என்று அவளே ஒப்புக்கொள்வாள். நாலு மாதமாக ஒருநாள்கூடத் தவறாத பச்சை, பரீட்சை நாளன்று பார்த்துச் சிவப்பாக எரிந்தது. திரையில் ஒரு வரி வந்தது: ‘உயிருள்ள விரல் அல்ல.’

குர்த்தாவில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. நடுவிரல், சிவப்பு. கட்டைவிரல், சிவப்பு. ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டே போய், கடைசியில் இடது சுண்டுவிரலை வைத்தாள்.

பச்சை.

இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஒன்பது விரல் நுனியிலும் கருஞ்சிவப்பாக மருதாணித் தொப்பி. சுண்டுவிரலுக்கு அம்மா வரும்போது ஆபீஸிலிருந்து ஃபோன் வந்து இவள் கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டதால் அது மட்டும் வெறுமையாக இருந்தது.

“நன்னாப் பத்தியிருக்கே,” என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் வைதேஹி. “கொட்டைப்பாக்கு நுணுக்கிப் போட்டேன். அந்தக் கலர் வேற எதுலயும் வராது.”

“அம்மா, ஏக் மினிட். பேசாம இரு.”

இந்த மருதாணிக்குப் பின்னால் ஒரு சமாதான உடன்படிக்கை இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களை சோபாவில் உட்கார வைத்துவிட்டு ஜ்யோத்ஸ்னா ஓக்லாவிலேயே தங்கிவிட்ட கதையைத்தான் போன வாரம் பார்த்தோம். நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா ராமசுப்ரமணியனோ, ரிட்டயர்டு நண்பர்களோடு காசிக்குப் போய் நல்ல நேரத்தில் தப்பித்துக்கொண்டார். கடைசியில் வைதேஹி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஆடி வெள்ளிக்கு மருதாணி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒரு பையன், விரலை மஞ்சள் டப்பாவில் விட்டுவிட்டாயா என்று கேட்டதிலிருந்து பெண் அந்தப் பக்கமே போனதில்லை. பதினேழு வருஷத்துக்குப் பிறகு நேற்று சாயங்காலம் கையை நீட்டினாள். அடுக்குமாடி சொசைட்டிப் பூங்காவின் வேலியில் பறித்த இலை, மிக்ஸியில் அரைத்தது.

“மெஹந்தி வெச்சு டெஸ்ட் பண்ணினோமே அம்மா,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. “கர்வா சௌத் நோன்பு அப்போ ஆபீஸ்ல எல்லாரும் போட்டுண்டு வந்தா. ஒண்ணும் ஆகலை. எல்லாம் பச்சை.”

“அவா கோன்ல கொடி கொடியாப் போட்டுப்பா. ரேகை ஓடற இடம் பாதி வெறுமனே இருக்கும். நாம நுனி பூரா மூடி இல்ல வெப்போம்.”

அவ்வளவுதான் விஷயம். டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண், மெஹந்தி என்றால் கோனில் வரையும் கொடி என்று நினைத்துவிட்டாள். அம்மா வைக்கும் தொப்பி அவள் கணக்கிலேயே வரவில்லை.

திடீரென்று எழுந்து ஃபோனை எடுத்தாள். அழைத்தது பொன்னம்மாளை. இவர்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் பதினோரு வருஷம் வீட்டு வேலைக்கு வந்தவள். ஜங்புராவில், தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தாள். போன வருஷம் கேம்ப் இடிபட்டு, நரேலாவில் கிடைத்த ஃபிளாட்டுக்குப் போனவர்களில் அவளும் ஒருத்தி. இன்றைய பரீட்சைக்கு வரும் நூறு பேரும் அங்கே இருப்பவர்கள்தான்.

“அக்கா, மருதாணி வெச்சிருக்கீங்களா?”

“வச்சிருக்கோமே பாப்பா. ஆடி வெள்ளி ஆச்சே. காலையில கூழு ஊத்துறோம், மத்தியானம் உங்க மெசினுக்கு வர்றோம்.”

“எத்தனை பேர் வெச்சிருக்கீங்க?”

“எத்தன பேருன்னா? பொம்பளைங்க அத்தன பேரும்தான். ஒரு அறுவது பேரு இருப்போம். ஏன் பாப்பா, ஒனக்கும் அரச்சு எடுத்தாரவா?”

ஜ்யோத்ஸ்னா சுவரில் சாய்ந்துகொண்டாள். நூற்றில் அறுபது சிவப்பு.

---

டைனிங் டேபிளில் அர்விந்த் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜ்யோத்ஸ்னாவுக்கு மூன்று வயது மூத்த அண்ணன். அவன் வேலை பார்ப்பது குர்காவ்னில், அந்த இறக்குமதிப் பெட்டியை விற்கும் கம்பெனியில். ஆமாம், அதே பெட்டிதான். இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஆபீஸ் பேச்சு கூடாது என்று வைதேஹி சட்டம் போட்டு எட்டு மாதம் ஆகிறது.

இன்று சட்டத்தை மீறியது அவன்தான். பையிலிருந்து தன் கம்பெனிப் பெட்டியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“இதுல வை.”

வைத்தாள். சிவப்பு. அம்மாவின் கையைப் பிடித்து வைத்தான். அதுவும் சிவப்பு.

“உங்களோடதும் அதே லட்சணம்தானா,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“எங்களோடதுல உள்ளே என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது ஜ்யோ. கம்ப்ளெயின்ட் போட்டா ஒரு நம்பர் வரும். பதினோரு நாள் கழிச்சு, பார்த்துண்டிருக்கோம்னு ஒரு மெயில் வரும். போன தீபாவளிக்குப் போட்டதை இன்னும் பார்த்துண்டிருக்கா.” விரலில் ஒட்டிய சட்னியைத் துடைத்துக்கொண்டான். “உன்னோட பெட்டியை நீ திறக்கலாம். என்னால அது முடியாது.”

அவன் சொன்னது அவளுக்குள் எங்கேயோ போய்ப் பட்டது. ஆமாம், திறக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். தப்பு தன்னுடையது என்றால் திருத்தமும் தன் கையில்தான் இருக்கிறது. பயம் போய், உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறியது.

“அம்மா, ஃபிப்ரவரில நான் ஒரு விளக்கை அணைச்சேன்.”

“என்ன விளக்கு?”

“ரேகாவுக்குள்ள ரெண்டு விளக்கு. ஒண்ணு தோலோட கலரைப் பார்க்கும். இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், தோலைத் தாண்டி உள்ளே ரத்தம் ஓடறதான்னு பார்க்கும். ரெண்டாவதுக்கு நேரம் எடுக்கறதுன்னு நான்தான் ஆஃப் பண்ணினேன். வேகமா இருக்கட்டும்னு. மருதாணி தோலோட நின்னுடும் இல்லையா, ரத்தத்துக்கா போறது?”

“அப்போ திரும்பப் போடேன்.”

“போடலாம். ஆனா மருதாணி விரல் நிறைய வேணும். நம்ம ரெண்டு பேரோடது போதாது.”

வைதேஹி கேட்டுக்கொண்டே ஃபோனை எடுத்தாள். முப்பத்திரண்டு வருஷம் லோதி ரோட்டில் மத்திய அரசு ஆபீஸில் இருந்து, செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனவள் அவள். ஆள் சேர்ப்பதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. சொசைட்டியின் தமிழ்ப் பெண்கள் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: ‘நேத்து மருதாணி வெச்சுண்டவா எல்லாரும் எட்டு மணிக்கு எங்காத்துக்கு வாங்கோ. காபி உண்டு. கை அவசியம்.’

அர்விந்த் பாதித் தோசையோடு எழுந்தான்.

“கக்கட் மேடம்கிட்ட சொல்லப் போறியா?” என்று கேட்டான். பரீட்சையை நடத்தப் போகும் அதிகாரி அவர்.

“முதல்ல சரி பண்றேன்.”

“நான் அதைக் கேக்கலை.”

அவள் பதில் சொல்வதற்குள் அவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

---

எட்டு பத்துக்கு வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது பெண்கள். நாலாவது மாடி கவிப்ரியா, ஏர்போர்ட் வேலைக்குக் கிளம்பிய யூனிஃபார்மோடு வந்தாள். எதிர் வீட்டு மாமி, பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி, அதற்காகவே இரண்டாவது காபி வாங்கிக்கொண்டாள்.

ஜ்யோத்ஸ்னாவின் லேப்டாப் ஒரு பக்கம், ரேகா ஒரு பக்கம். ஃபோன் ஸ்பீக்கரில் ஓக்லாவிலிருந்து அவளுடைய கூட்டாளி கௌஷிக். பரீட்சைக்குப் போக வேண்டிய இரண்டு பெட்டிகளும் அவனிடம்தான் இருந்தன.

அணைத்திருந்த விளக்கைப் போட்டாள். கலர் பார்க்கும் விளக்கின் பேச்சைக் குறைவாகவும், ரத்தம் பார்க்கும் விளக்கின் பேச்சை அதிகமாகவும் கேள் என்று நாலு வரி மாற்றினாள். ஆறு வருஷம் படித்ததும் ஐந்து வருஷம் உழைத்ததும் அந்த நாலு வரிக்குள் வந்து நின்றன.

“கவி, வை.”

கவிப்ரியா கட்டைவிரலை வைத்தாள். ஒரு விநாடி, இரண்டு, மூன்று, நாலு. அறையில் டம்ளர் சத்தம்கூட நின்றது.

பச்சை.

மாமிகள் கைதட்டினார்கள். என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை, ஆனால் நல்லது நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு வரிசை வேகமாக நகர்ந்தது. ஒரு கைக்குச் சிவப்பு வந்தால் நாலு வரியில் ஒரு எண்ணை மாற்றுவாள், மறுபடி வை என்பாள். எதிர் வீட்டு மாமி ஏழு தடவை வைத்தும் அலுக்கவில்லை. ஒன்பதரைக்குக் கணக்கெடுத்தபோது தொண்ணூறு விரலில் எண்பத்தேழு பச்சை. ஒரு விரலுக்கு ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. பரீட்சை அனுமதிப்பது ஆறு விநாடி.

“போலி விரல்?” என்று ஸ்பீக்கரில் கேட்டான் கௌஷிக். கலரை நம்பாதே என்று சொன்னபின், ரப்பர் விரலுக்கும் ரேகா பச்சை காட்டிவிட்டால் எல்லாம் போச்சு.

ஜ்யோத்ஸ்னாவின் பென்சில் டப்பாவில் ஆறு ரப்பர் விரல்கள் எப்போதும் இருக்கும். வைதேஹி மிச்சமிருந்த மருதாணியை அவற்றுக்கு அப்பிப் பார்த்தாள். ரப்பருக்குப் பத்தவே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினாள். ஆறு விரலையும் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஆறும் சிவப்பு. ரேகா ஏமாறவில்லை.

அந்தச் சந்தோஷக் கூச்சலுக்கு நடுவில் அர்விந்த் பையோடு வெளியே வந்தான். மாமிகள் விலகி வழிவிட்டார்கள். மேஜையில் மருதாணிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான். தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு அப்போது அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

“சரி, அனுப்பு,” என்றான் கௌஷிக். “வெர்ஷன் நம்பரை மாத்தாதே. பழைய நம்பர்லயே ரெண்டு பெட்டியிலும் ஏத்திடறேன். யாருக்கும் தெரியாது.”

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு வரும் மென்பொருளைத் திங்கட்கிழமையே முத்திரை போட்டு முடித்தாயிற்று. அதற்குப் பின் ஒரு எழுத்து மாறினாலும் அதிகாரியிடம் எழுதித் தர வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ளாமலும் போகலாம், அப்படிப் போனால் இன்றோடு கதை முடிந்தது. சொல்லாமல் ஏற்றினால் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

ஜ்யோத்ஸ்னாவின் மனசு கௌஷிக் சொன்ன பக்கம் போகவே செய்தது. அதை மறைக்க வேண்டாம். பதினேழு பேர் முகமும் வரிசையாக வந்தன. ஓக்லா ஆபீஸின் எழுபத்திரண்டு படி ஏறி இறங்கி டப்பா டப்பாவாகக் கருவி சுமந்த நாட்கள் வந்தன. ஃபோனை அருகே இழுத்தாள்.

“இல்லை கௌஷிக். நம்பரை மாத்து. எல்லாருக்கும் தெரியற மாதிரி மாத்து.”

“பாகல் ஹோ கயீ க்யா? பைத்தியமா உனக்கு? மேடம் ஒத்துக்கலேன்னா?”

“ரேகாவோட வேலையே போலியைப் பிடிக்கறது. நானே ஒரு போலி நம்பரை ஒட்டி அதைக் கொண்டுபோய் வெக்கச் சொல்றியா? மேடம்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன். நீ ஜல்தி கிளம்பு.”

ஒரு பக்கத்துக்கு எழுதினாள். வைதேஹி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ரிட்டயர் ஆகி நாலு வருஷமானாலும் கை பேனாவைத் தேடியது.

“நீ பண்ணின தப்பு மூணாவது பாராவுல வர்றதேடி.”

“முதல்ல ரேகாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை...”

“அதெல்லாம் அப்பறம். தப்பை மேல கொண்டா. கீழ போட்டா, பதுக்கறான்னு நினைச்சுப்பா. முப்பத்திரண்டு வருஷம் இந்த மாதிரி எத்தனை ஆபீஸ் நோட்டு பார்த்திருக்கேன்.”

முதல் வரி இப்படி ஆனது: ‘எங்கள் கருவி மருதாணி வைத்த விரலை ஏற்கவில்லை, காரணம் ஃபிப்ரவரியில் நான் எடுத்த ஒரு முடிவு.’

---

வழியெல்லாம் கங்கை நீரைத் தோளில் சுமந்து நடக்கும் காவர் யாத்திரைக் கூட்டம். டாக்ஸி ஊர்ந்தது. நரேலாவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்கு ஜ்யோத்ஸ்னா போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஐம்பது. கௌஷிக் வாசலிலேயே இரண்டு பெட்டியையும் அணைத்துப் பிடித்தபடி நின்றான். உள்ளே வரிசை தயாராக இருந்தது. குளித்துத் தலைமுடித்து, நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக, கூழ் குடித்த தெம்போடு பெண்கள். அறுபது சொச்சம் பேர் கையும் கருஞ்சிவப்பு. பின்னால் ஆண்கள்.

சுனிதா கக்கட் காட்டன் புடவையில், சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடியோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பி முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

“க்யோன் பதாயா?” என்றார். ஏன் சொன்னாய் என்று கேட்கிறார். குரலில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை.

“கலத்தி மேரி தீ, மேடம்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. தப்பு என்னுடையது.

கக்கட் தன் ஃபைலைத் திறந்து எதையோ பார்த்தார். மூடினார். காகிதத்தில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டார். தன் பையிலிருந்து ஆறு ரப்பர் விரல்களை எடுத்து ரேகாவில் ஒவ்வொன்றாக வைத்தார். ஆறும் சிவப்பு.

“ஷுரூ கீஜியே.”

ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். இனி கம்பெனி ஆட்கள் வாயே திறக்கக் கூடாது. விரல் எப்படி வைப்பது என்றுகூடச் சொல்லக் கூடாது. ஒருவருக்கு இரண்டே வாய்ப்பு.

வரிசையில் முதல் ஆள் பொன்னம்மாள். “எங்க பாப்பா செஞ்ச மெசினு,” என்று பின்னால் திரும்பி நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்த கட்டைவிரல். பழைய பெட்டி அவளை மூன்று மாதத்தில் இரண்டு மாதம் திருப்பி அனுப்பும். வைத்தாள். நாலு விநாடி. பச்சை.

“ஒரே தடவையிலயா?” என்று கேட்டுவிட்டு, ஆசைக்கு இன்னொரு தடவை வைக்கப் போனாள். கக்கட் ஆகே படோ என்று அதட்டி நகர்த்தினார்.

இருபது. முப்பது. சிவந்த விரல் ஒவ்வொன்றாக வந்து பச்சையை வாங்கிக்கொண்டு போயிற்று. ஜ்யோத்ஸ்னாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அறுபத்து மூன்றாவது ஆளாகக் கடைசிப் பெண்மணி வைத்து முடித்தபோது ஒரே ஒரு சிவப்புதான் விழுந்திருந்தது.

ஆண்கள் வந்தார்கள். அவர்கள் பாதிப் பேர் கட்டட வேலை. சிமென்ட் தின்ற விரல்கள். எழுபதுக்குள் இரண்டாவது சிவப்பு. எண்பத்தொன்றில் மூன்றாவது. தொண்ணூறில் நாலாவது. கௌஷிக் நகம் கடிக்க ஆரம்பித்தான். தொண்ணூற்றேழில் ஐந்தாவது.

இனி ஒன்றுகூட விழக் கூடாது. தொண்ணூற்றெட்டு, பச்சை. தொண்ணூற்றொன்பது, பச்சை.

நூறாவது ஆள் மூக்கன். கொத்தனார். அறுபது வயதிருக்கும். வந்து நின்றவர், விரலைத் தூக்கித் தலைமுடியில் நன்றாகத் தேய்த்தார். எண்ணெய் ஒட்டினால் பழைய பெட்டி சில சமயம் ஒப்புக்கொள்ளும் என்று கண்டுபிடித்து வைத்திருந்த வழக்கம் அது. கேம்ப்பில் பாதிப் பேருக்கு உண்டு. வழவழவென்று எண்ணெயோடு ரேகா மேல் வைத்தார்.

சிவப்பு.

ஜ்யோத்ஸ்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். எண்ணெய்ப் படலம் ரேகாவுக்கு ஆகாது. துடைத்துவிட்டு வைத்தால் போதும். அதைச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. மூக்கன் யோசனையோடு கையை மறுபடி தலைக்குக் கொண்டுபோனார்.

“யோவ், தலையில என்னாத்த தேய்க்கிற?” கூடத்தின் மூலையிலிருந்து பொன்னம்மாள் குரல் வந்தது. “அது அந்தப் பழைய பொட்டிக்கி. இதுக்கு ஒண்ணும் வேணாம். சட்டையில தொடச்சிட்டுச் சும்மா வையி. நான் வச்சேன்ல.”

கௌஷிக் திடுக்கிட்டுக் கக்கட்டைப் பார்த்தான். கக்கட் கண்ணாடிக்கு மேலாகப் பொன்னம்மாளைப் பார்த்தார். தமிழ் புரியாவிட்டாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று புரிந்திருக்கும். கம்பெனி ஆட்கள் பேசக் கூடாது என்றுதான் விதி, ஜனங்கள் பேசலாம் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

மூக்கன் சட்டையில் விரலைத் துடைத்தார். வைத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

பச்சை.

கூடம் அதிர்ந்தது. கௌஷிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பொன்னம்மாள் ஓடிவந்து ஜ்யோத்ஸ்னாவைக் கட்டிக்கொண்டாள். ஜ்யோத்ஸ்னா வெட்கமில்லாமல் அழுதாள். ஐந்து வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

---

கூட்டம் கலைந்த பிறகு கக்கட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினார். பரீட்சையை ரத்து செய்யும் உத்தரவு. தட்டச்சு செய்து தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை.

காலை ஒன்பது இருபதுக்கு எனக்கு ஒரு மெயில் வந்தது, என்றார் ஹிந்தியில். உன் கருவி மருதாணி விரலை ஏற்காது என்று அதில் இருந்தது. நீ மறைத்தால் வாசலிலேயே இதில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஒன்பது இருபதுக்கு இந்த விஷயம் தெரிந்த வெளியாள் யாரும் கிடையாது. மாமிகளுக்கு ரேகா என்றால் என்னவென்றே தெரியாது. கௌஷிக் சொல்லியிருக்க மாட்டான். வீட்டில் மூன்றே பேர். மூன்றில் ஒருவன் பாதித் தோசையோடு எழுந்து போனான்.

அண்ணா. நீயா?

“தூஸ்ரீ லைன் பீ படோ,” என்று ஃபோனை நீட்டினார் கக்கட். இரண்டாவது வரியையும் படி.

இரண்டாவது வரி: ‘எங்கள் கம்பெனி தற்போது துறைக்குத் தரும் பெட்டியிலும் இதே குறை உள்ளது. நானே சோதித்தேன். அதைத் திருத்த எங்களிடம் வழி இல்லை.’ கீழே பெயர், அர்விந்த் ராமசுப்ரமணியன். நகல் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தாள். அவனுடைய குர்காவ்ன் மேலதிகாரிக்கு, அவனே போட்டிருந்தான்.

கக்கட் கேட்பதற்கு முன்பே, “என் அண்ணா,” என்றாள்.

வெளியே வந்து அவனுக்கு ஃபோன் செய்தாள். அணைத்து வைத்திருந்தான். இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே. வீட்டுக்குப் போட்டாள்.

“அம்மா, தொண்ணூத்தஞ்சு. சரியாத் தொண்ணூத்தஞ்சு.”

மறுமுனையில் வைதேஹி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “முருகா” என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு குரல் மாறியது.

“ஜ்யோ, அர்விந்த் உன்கிட்ட பேசினானா?”

“இல்லையேம்மா.”

“மருதாணிக் கிண்ணத்தை அலம்பலாம்னு இப்போதான் எடுத்தேன். அடியில அவனோட ஆபீஸ் கார்டு இருக்கு. கழட்டி, நாடாவை மடிச்சு வெச்சிருக்கான். இது இல்லாம அந்த ஆபீஸ்ல உள்ளேயே விடமாட்டாளே. காலம்பற பத்து மணி வாக்குல பையை எடுத்துண்டு கிளம்பினவன், எங்கேதாண்டி போயிருக்கான்?”